அலமாரி அக்காவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: குழந்தை வளர்ப்பு, குடும்பம், பெண்களுக்கான புத்தகங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புத்தக அலமாரி நிற்கிறது. குழந்தை வளர்ப்பு, குடும்ப வாழ்க்கை, பெண்களின் முன்னேற்றம் பற்றிய புத்தகங்கள் மட்டும்தான் அதில். அக்கம்பக்கத்துப் பெண்கள் எடுத்துப் போவார்கள், படித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை கூடி உட்கார்ந்து பேசுவோம். கட்டணம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் பதில் சொல்லிச் சொல்லித் தேநீரை ஆறவிடுகிறேன். அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன்.

முதல் குழந்தை பிறக்கப் போகிறது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

அரசாங்கக் கிளினிக்கில் தருவார்களே, குழந்தை நலப் பதிவுப் புத்தகம், அதில் தொடங்குங்கள். மலாயில் இருப்பதாலோ என்னவோ, தாதி எழுதிக் கொடுத்த அடுத்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். குழந்தையின் எடை ஏறும் கோடு, எந்த மாதத்தில் என்ன செய்யத் தொடங்கும், எப்போது எந்த ஊசி என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. சென்னையில் அச்சான புத்தகத்தில் உள்ள தடுப்பூசி அட்டவணை இந்தியாவுக்கானது. இங்கே தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடுகிறார்கள். ஒரு தங்கை சென்னைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதோ ஓர் ஊசி தவறிவிட்டது என்று கண் கலங்கிக்கொண்டு வந்து நின்றார். கிளினிக் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். எல்லா ஊசியும் சரியாகவே போட்டிருந்தார்கள்.

அதற்கு அப்புறம் ஒரே ஒரு புத்தகம் எடுங்கள். ஐந்து வேண்டாம். முன்பு ஒருவர் ஆசையாக ஐந்து எடுத்துப் போனார். விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தை அழுதபோது ஐந்தையும் புரட்டியிருக்கிறார். ஒன்று உடனே தூக்கு என்றதாம், ஒன்று ஐந்து நிமிடம் விட்டுப் பார் என்றதாம். மற்ற மூன்றில் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவருடைய அம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்.

நல்ல புத்தகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையை நம்பாதீர்கள். முதல் அத்தியாயமும் வேண்டாம். குழலையும் யாழையும் வைத்துத் தொடங்காத குழந்தை வளர்ப்பு நூல் தமிழில் அபூர்வம். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் ஒரு குழந்தை வாய் திறந்து பேசுகிறதா என்று பாருங்கள். "குழந்தைகள் அன்பை எதிர்பார்க்கிறார்கள்" என்று பத்துப் பக்கம் எழுதலாம். காலுறை போட மாட்டேன் என்று பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில் தரையில் உருளும் ஒரு பிள்ளை அந்தப் பத்துப் பக்கத்தில் இல்லையென்றால், எழுதியவர் பிள்ளைகளோடு அதிகம் இருந்ததில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் பார்ப்பேன். பிள்ளை சாப்பிடாததற்கும் பொய் சொல்வதற்கும் கணக்கில் குறைந்ததற்கும் "தாய்மார்களே" என்று மட்டும் அழைத்துப் பேசுகிற புத்தகமா? வைத்துவிடுவேன்.

புத்தகத்தில் எழுதலாம், கோடு போடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பென்சிலால் மட்டும். அலமாரியின் மேல் தட்டில் ஒரு மைலோ டின்னில் பென்சில்கள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துப் போங்கள்.

இதைத் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு நூலில், "மகளின் கைப்பேசியைத் தினமும் இரவில் பெற்றோர் சரிபார்க்க வேண்டும்" என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ சிறிய எழுத்தில் "மகனுடையதை?" என்று எழுதியிருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அழிரப்பரை எடுத்தேன், அப்புறம் அதே வரியை இன்னொரு முறை படித்தேன், ரப்பரை வைத்துவிட்டேன். அடுத்து எடுத்துப் போனவர் அதற்குக் கீழே "என் அண்ணனுடையதை யாரும் பார்த்ததில்லை" என்று எழுதினார். மூன்றாவது கையெழுத்து, கொஞ்சம் நடுங்கும் எழுத்து: "நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது." யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அன்றிலிருந்து பென்சில் அனுமதி. புத்தகம் எழுதியவரிடம் பேசத்தான் முடியாது, ஓரத்தில் பதில் சொல்லலாமே.

தமிழ்நாட்டில் எழுதிய புத்தகங்கள் நமக்குப் பொருந்துமா?

பிள்ளையின் கோபம், பயம், பொறாமை பற்றி எழுதியவை பொருந்தும். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் இங்கே தாமான் குடியிருப்புப் பிள்ளைக்கும் தம்பி பிறந்தால் வருவது ஒரே பொறாமைதான். பள்ளிக்கூடம், பணம், சட்டம் என்று வந்தால் கவனம் தேவை.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் நிறுத்திவிட்டார்கள், மூன்றாம் படிவ பிடி3-ஐ 2022-இல் நிறுத்திவிட்டார்கள், ஐந்தாம் படிவ எஸ்பிஎம் நிற்கிறது. தேர்வு இல்லாமல் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர்தான் இப்போது என்னிடம் அதிகம் வருகிறார்கள். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு இருந்துவிட்டு, பதின்மூன்று வயதில் மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளையின் திகைப்பு. வகுப்பில் முதலாவதாக வந்தவன் திடீரென்று வாய் மூடி உட்கார்ந்திருப்பான். வீட்டில் எரிச்சல் காட்டுவான். "பருவ வயதுக் கோளாறு" என்று புத்தகம் சொல்லும். பருவ வயதும்தான், ஆனால் அறிவியல் பாடம் அவனுக்கு வேறு மொழியில் நடக்கிறது என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில்தான் எங்கள் அலமாரியிலேயே அதிகப் பென்சில் எழுத்து இருக்கிறது.

சட்டப் புத்தகங்கள் ஆபத்தானவை. ஒரு சகோதரி, சென்னையில் வாங்கிய பெண்களுக்கான சட்டக் கையேட்டைக் கொண்டுவந்து, "ஓராண்டு பிரிந்து இருந்தால் சம்மத விவாகரத்து கிடைக்கும்னு போட்டிருக்கு அக்கா" என்றார். அது இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். நமக்கு, அதாவது இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, 1976-ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம். அது 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. கணவனும் மனைவியும் ஒப்புக்கொண்டு கூட்டாக மனுச் செய்வதானால் திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால், பொதுவாக முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். குடும்ப வன்முறைக்கு இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கையேட்டை அலமாரியில் வைத்திருக்கிறேன், ஆனால் அட்டையில் "இந்தியா மட்டும்" என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டி.

வீட்டில் மூன்று மொழி. குழந்தை குழம்பிவிடாதா? எந்த மொழிப் புத்தகம் வாசித்துக் காட்டுவது?

குழம்பாது. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது என்பது ஆய்வாளர்களிடையே எப்போதோ முடிந்துபோன விவாதம். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியும் கலந்து வருவது குழப்பமும் ஆகாது. நாம் எல்லோரும் மாமாக் உணவுக் கடையில் அப்படித்தான் ஆர்டர் கொடுக்கிறோம். பேச்சு உண்மையிலேயே தாமதமானால் மொழியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள், முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

எந்த மொழி உங்களுக்குத் தடையில்லாமல் வருகிறதோ அதில் வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே, பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டது. தமிழ் எழுத்து வேகமாக வராத இளம் தாய்மார்கள் வெட்கப்படுகிறார்கள். படத்தைக் காட்டிக் கதை சொல்லுங்கள், போதும். இரண்டு வயதுப் பிள்ளை எழுத்தைச் சரிபார்க்காது.

பிரசவத்துக்கு அம்மா வந்திருக்கிறார். புத்தகம் ஒன்று சொல்கிறது, அம்மா ஒன்று சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

முக்கால்வாசி விஷயத்தில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். காயம் என்னும் பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல், நாற்பது நாள் ஓய்வு எல்லாம் சரிதான். மலாய்க்காரப் பெண்ணும் சீனப் பெண்ணும்கூடத் தங்கள் முறையில் அந்த ஓய்வைக் கடைப்பிடிக்கிறார்கள். புத்தகம்தான் சில நேரம் நம்மைத் தனி ஆளாக விட்டுவிடுகிறது.

சில இடங்களில் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பது அதில் ஒன்று. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுகூட ஆகாத குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். அதனால் ஒரு வயதுவரை தேன் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். இதை அம்மாவிடம் சொல்லும்போது புத்தகத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள். "தாதி திட்டுவாங்கம்மா" என்று சொல்லுங்கள். எந்தப் பாட்டியும் தாதியோடு மோத மாட்டார்.

அம்மாவின் பழைய புத்தகங்களைத் தரலாமா?

கதை, கட்டுரை, வாழ்க்கை வரலாறு என்றால் எவ்வளவு பழையதானாலும் தாருங்கள். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' எங்களிடம் முதுகு உடைந்த பிரதியாக ஒன்று உண்டு. அவர் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து பினாங்கில் இறங்கினார். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியம்மா, அப்போது தன் தாத்தா அவரைப் பார்க்கப் போனதாகச் சொல்வார், கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். கற்பு, சொத்துரிமை, கர்ப்பத்தடை பற்றிய அந்த அத்தியாயங்களை இன்றைக்குப் படித்தாலும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது.

மருத்துவம், குழந்தை நலம் பற்றிய பழைய புத்தகத்தை வாங்க மாட்டேன். காரணம் உண்டு. பெஞ்சமின் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1946-இல் எழுதிய நூல் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அடி உதையை நம்பிய தலைமுறைக்குக் கனிவைச் சொல்லிக் கொடுத்த நூல் அது. அதே நூலின் பிந்தைய பதிப்புகள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னன. குப்புறப் படுக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே இறப்பது அதிகம் என்று பின்னால் தெரிந்தது, 1990-களில் நாடு நாடாக மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் நடந்தது. நல்ல மனிதர், நல்ல புத்தகம், ஒரு பக்கம் தவறு. அதனால் உடல் நலம் என்றால் பதிப்பு ஆண்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

அடித்து வளர்க்கக் கூடாது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அடி வாங்கித்தானே நாம் வளர்ந்தோம்?

வளர்ந்தோம். எங்கள் வீட்டில் ரோத்தான் பிரம்பு சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. இன்றைக்கும் அது மளிகைக் கடையில் துடைப்பத்தோடு சேர்த்து விற்கிறது. அடி வாங்கியதில் எனக்கு நினைவிருப்பது வலியும், அப்பா முகமும். எதற்காக அடி வாங்கினேன் என்பது ஒருமுறைகூட நினைவில்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, வட்டமாக உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் இரண்டே பேருக்குத்தான் காரணம் நினைவிருந்தது.

ஸ்வீடன் 1979-இலேயே வீட்டில் அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் நாட்டில் அப்படி நேரடித் தடை இல்லை. ஆனால் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி குழந்தையைத் துன்புறுத்துவது குற்றம், சிறைக்கும் போக நேரலாம். "கண்டிப்பு எது, துன்புறுத்தல் எது" என்று கோட்டைத் தேடி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சட்டத்தைச் சொல்வதில்லை. அடித்த அன்று இரவு தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்பேன்.

என் கணவர் படிக்கவே மாட்டார். என்ன செய்வது?

புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிக்க மாட்டார். ஒருவர் கழிப்பறையில் வைத்துவிட்டு வந்தார், அது வேலை செய்தது. இன்னொருவர், நெரிசலில் கார் நிற்கும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். ஒன்றரைப் பக்கத்தில் அவர் வானொலியைப் போட்டுவிட்டாராம். மறுநாள், "நேத்து அந்தப் பையன் கதை என்னாச்சு?" என்று அவரே கேட்டாராம்.

பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. அப்பாவுக்கும் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. அந்த ஏழு நாளில் படிக்கட்டும் என்று பல பெண்கள் சின்னப் புத்தகமாகக் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. அந்த ஏழு நாளும் அவர் துணி துவைக்கட்டும்.

பெண்களுக்கான சுய முன்னேற்ற நூல்களில் எதைப் படிக்கலாம்?

இந்த வகையோடு எனக்குச் சண்டை உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும்" என்று ஒரு புத்தகம். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தங்கை தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க நாலரைக்கே எழுகிறார். எழுந்து மூன்று டப்பாவுக்குச் சமைக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் எழுதியது: "20 வருஷமா எழுறேன். எப்ப மாறும்?"

உங்களுக்குள் உறங்கும் சக்தியைப் பற்றிப் பேசும் நூலைவிட, உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நூல் மேல். ஊழியர் சேமநிதியில் எவ்வளவு, வாரிசுப் பெயர் கொடுத்தாயிற்றா, வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர். வேலைக்குப் போகாதவர்களுக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் 1-இல் தொடங்கியிருக்கிறது. 55 வயதுக்குள் இருந்தால், ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால், வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும் உடல் செயலிழப்புக்கும் பாதுகாப்பு. சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்து என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறது, பாருங்கள்! கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டியபோது அப்படியொரு சிரிப்பு. அடுத்த வாரமே ஆறு பேர் போய்ப் பதிந்தார்கள்.

அப்புறம் கதைகள் படியுங்கள். ராஜம் கிருஷ்ணன், அம்பை, பாமா, சல்மா என்று வரிசையே இருக்கிறது. பத்து அறிவுரை நூல் தராத தெளிவு ஒரு சிறுகதையில் கிடைத்துவிடும். அறிவுரை நூலில் உங்களிடம்தான் குறை இருக்கும், கதையில் வீடும் ஊரும் தெரியும்.

குடும்பத்தில் பெரிய பிரச்சினை. பொறுமை, ஒற்றுமை பற்றி நல்ல புத்தகம் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் உடனே ஒரு புத்தகம் எடுத்துக் கொடுப்பேன். இப்போது கொடுப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தார். முழுக்கைச் சட்டை, வெயில் நாள். "குடும்பத்துல நிம்மதி வர்ற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா" என்றார். இல்லறத்தில் விட்டுக்கொடுப்பது பற்றிய ஒரு நூலை, நானே இரண்டு முறை படித்து ரசித்த நூலை, கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, பழைய நாளிதழில் அட்டை போட்டு, ஒரு மடிப்புகூட இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தார். "அதுல போட்டிருந்த மாதிரியே இருந்து பாத்தேன் லா அக்கா" என்று கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலம்.

அந்தப் புத்தகத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆளைப் பார்க்காமல் கொடுத்த என்மேல்தான் தவறு. அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இருக்கிறது. முதலாவது 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி என்று ஒவ்வோர் இடமாக அலையாமல் அங்கேயே பார்க்கலாம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், நீதிமன்றத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. பெண்கள் உதவி அமைப்பு 1982 முதல் இங்கே தங்குமிடம் நடத்துகிறது. பினாங்கில் இருந்தால், 1985-இல் தொடங்கிய பெண்கள் மாற்றத்துக்கான மையம் இருக்கிறது.

இப்போது யாராவது பொறுமை பற்றிய புத்தகம் கேட்டால் முதலில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிடுகிறேன். "அடிக்கிறாரா?" என்று நேராகவே கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள், சிரிப்பார்கள், மாமியாரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படியென்றால் சரி, புத்தகம் உண்டு.

பிரசவத்துக்குப் பிறகு மனம் சரியில்லை. அதற்கும் புத்தகம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் முதலில் கிளினிக். குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடலாம் என்று எண்ணம் வந்தால் அன்றே, அந்த நிமிடமே. சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். புத்தகத்தைக் குணமான பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை எங்கே வாங்குவது? விலை அதிகமாக இருக்கிறதே?

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியா. தைப்பூசத்தன்று பத்துமலையில் கடை போட்டால் அங்கேயும் புரட்டலாம், கூட்டத்தில் பக்கம் திறந்து பார்க்க இடமிருந்தால். அட்டையில் அச்சிட்ட ரூபாயைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். கப்பல் கூலி, கடை வாடகை எல்லாம் அதன் மேல் ஏறும். சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் யாராவது ஊருக்குப் போனால் பட்டியல் கொடுத்துவிடுங்கள், ஆனால் பெட்டியில் புடவைக்கு இடம் விட்டுக் கேளுங்கள்.

ரசீதை எறியாதீர்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக்கான 2,500 வெள்ளிக் கழிவில் புத்தகமும் அடங்கும். தாய்ப்பால் கொடுக்கும் கருவிகளுக்குத் தனியாக 1,000 வெள்ளி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

வாங்க வசதி இல்லையென்றால் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் பதிப்பாகும் நூல்களை அங்கே ஒப்படைக்க வேண்டும். நம் ஊர்த் தமிழ்ப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் அங்கே கேட்கலாம்.

நம் ஊர்ப் பெண்கள், நம் ஊர்ப் பிள்ளை வளர்ப்பு பற்றிப் புத்தகமே இல்லையா?

நாவல்களில் தேடினால் குடும்பம் கிடைக்கும். பினாங்குக்காரர் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' எங்கள் அலமாரியில் உண்டு. வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போகிறார்கள். ஆனால் குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பில் இந்த மண்ணிலிருந்து வந்தவை எங்களிடம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

ஒரு ஞாயிறு, "வேலைக்குப் போகும் தாய்" என்ற அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். குழந்தையைக் காப்பகத்தில் விடும் குற்ற உணர்ச்சி பற்றிய அத்தியாயம், ஏதோ இந்தத் தலைமுறையில்தான் அது தொடங்கியது போல எழுதியிருந்தது. மகளுடன் வந்திருந்த ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், எழுத்துத் தெரியாதவர், "எங்களுக்கு ஆயாக் கொட்டாய் இருந்துச்சு" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர் மட்டும்தான் பேசினார்.

ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, முன்னால், இருட்டோடு, பிள்ளையைப் புடவையில் சுற்றி எடுத்துப் போய் ஆயாக் கொட்டகையில் விடுவார்களாம். வெயில் ஏறினால் ரப்பர்ப் பால் சரியாக வடியாது, அதனால் விடியும் முன்பே மரம் சீவத் தொடங்க வேண்டும். கொட்டகை விட்டத்தில் வரிசையாகத் தூளிகள். ஓர் ஆயா, இருபது பிள்ளை. யார் தூளி எது என்று இருட்டில் தெரிவதற்காக அவர் தன் தூளிக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாராம். மரத்துக்கு மரம் ஓடும்போது மார்பில் பால் கட்டிச் சட்டை நனையும். "ரெண்டு பாலும் வடியும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அதை அவருடைய மகள் பென்சிலால் அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார். ஓரம் தீர்ந்து, கீழே போய், பின் அட்டையின் உட்புறம்வரை எழுதினார். அந்தப் புத்தகத்தை இப்போது எல்லோரும் பின்னாலிருந்துதான் படிக்கிறார்கள்.

எடுத்த புத்தகம் தொலைந்துவிட்டால்?

புதிது வாங்கிக் கொடுத்தால் போதும் என்றுதான் விதி. பென்சில் எழுத்து உள்ளதைத் தொலைத்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல். கைப்பேசி பற்றிய அந்தப் புத்தகத்தை, மூன்று கையெழுத்து இருந்த அதே பிரதியை, ஒரு தங்கை எல்ஆர்டி ரயிலில் விட்டுவிட்டார். மறுவாரமே பளபளவென்று புதுப் பிரதி வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்துப் போகவும் ஆளில்லை. நான்கு மாதம் அலமாரியிலேயே கிடந்தது. அப்புறம் ஒருநாள் எடுத்துத் திறந்து பார்த்தேன். அதே பக்கத்தில், அதே வரிக்குப் பக்கத்தில், யாரோ மறுபடி "மகனுடையதை?" என்று எழுதியிருந்தார்கள்.